14416க்கு போன் போடலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

பிரியாணி கடைக்கும் மொபைலுக்கும் ரிவ்யூ போடுறோம், இதுக்கு யாரும் போட்டு நான் பாக்கல, அதான் போடுறேன். டெலி மானஸ், மனசு சரியில்லன்னா போன்லயே பேசுற மனநல உதவி சேவை, நம்பர் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்னிக்கு ஆரம்பிச்சது, பெங்களூருல இருக்குற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்தான் தலைமை. நம்ம ஊர்ல 'நட்புடன் உங்களோடு'ன்னு பேரு. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

என் சித்தி பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், அரியர் விழுந்ததுல இருந்து ரூமை விட்டு வர்றதில்ல, ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு பகல்ல தூக்கம், சாப்பாடு தட்டுல அப்படியே காஞ்சு கிடக்கும். சித்தி 'போனை புடுங்கினா சரியாகிடும்'னாங்க, சித்தப்பா 'எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா'ன்னாரு, நான் போய் கேட்டா 'ஒண்ணுமில்லண்ணா' மட்டும்தான். முதல்ல ஒரு தனியார் கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க (பேர் வேணாம்), அங்க அப்பா அம்மாவை பக்கத்துலயே உக்கார வச்சு கேள்வி கேட்டா பையன் என்னத்த சொல்லுவான், 'படிப்புல கான்சென்ட்ரேஷன் இல்ல'ன்னு சொல்லிட்டு வந்துட்டான், பீஸ் கட்டினதுதான் மிச்சம்.

அப்புறம்தான் 14416. மொட்டை மாடிக்கு கூட்டிட்டுப் போய் அவனையே போட சொன்னேன், ஸ்பீக்கர்ல போட்டான். ரெக்கார்டட் குரல், மொழி செலக்ட் பண்ணணும், அப்புறம் ஒரு அக்கா வந்தாங்க. 'இப்ப பேச வசதியா இருக்கா தம்பி, பக்கத்துல யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டாங்க. அவன் என்னைப் பார்த்தான், நான் கீழ இறங்கிட்டேன். அரை மணிக்கு மேல ஆச்சு. வந்து அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், 'தூக்கம் வருதா சாப்பிடுறியான்னுதான்ணா கேட்டாங்க, எத்தனை அரியர்னு கேக்கவே இல்ல'.

இதுதான் இந்த சர்வீஸோட பெரிய ப்ளஸ்னு நான் சொல்லுவேன். நம்ம பசங்க வாய் திறக்காததுக்கு காரணம் கேக்குற ஆள் எல்லாருமே சொந்தக்காரங்களா இருக்குறதுதான், இங்க சொன்னா நாளைக்கு கல்யாண வீட்ல அத்தை கேப்பாங்க. ஸ்கூல்ல இருந்தே 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு கிண்டல் பண்ணி வளர்த்துட்டு இப்ப மனசு விட்டு பேசுன்னா எப்படி பேசுவான்? முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட முதல்ல சொல்லிப் பாத்துட்டா வீட்ல சொல்றது கொஞ்சம் ஈஸி ஆகுது, அவன் விஷயத்துல அப்படித்தான் ஆச்சு.

போன்லயே எல்லாம் முடிஞ்சிடும்னு நினைக்காதீங்க. முதல்ல பேசுறது ட்ரெய்னிங் எடுத்த கவுன்சிலர், தேவைப்பட்டா அடுத்த கட்டமா மனநல டாக்டர், நேர்ல பாக்கணும்னா பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. இவனை ஜிஎச் மனநல ஓபிக்கு போக சொன்னாங்க, போயிட்டு இருக்கான்.

சாகணும்னு தோணுதுன்னு சொன்னா போலீஸ் வந்துடுமோன்னு நிறைய பேருக்கு பயம். அப்படி தோணுறதுக்கோ அதை வெளிய சொல்றதுக்கோ கேஸ் எல்லாம் கிடையாது. முயற்சி பண்ணவங்களையே கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துல 115வது பிரிவு சொல்லுது. கவர்மெண்ட் நம்பரே வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு சென்னையில சிநேகான்னு ஒரு தற்கொலை தடுப்பு அமைப்பு இருக்கு, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல ஆரம்பிச்சது, தன்னார்வலர்கள் உக்காந்து காது குடுத்து கேப்பாங்க, 044-24640050.

இன்னொண்ணு, பசங்கதான் போடணும்னு இல்ல, பெத்தவங்களும் போடலாம். சித்தியே அப்புறம் ஒரு நாள் போட்டாங்க, என்ன பேசினாங்கன்னு எங்ககிட்ட சொல்லல, நாங்களும் நோண்டல.

நாலரை ஸ்டார். அரை குறைச்சது ரெண்டு ரூம் வீட்ல தனியா நின்னு பேச இடம் இல்லாததுக்கு, அதுலயும் பொண்ணுங்கன்னா மொட்டை மாடிக்கு போனாலே 'யாருகிட்ட பேசுற'ன்னு பின்னாடியே வருவாங்க, அது டெலி மானஸ் தப்பு இல்லதான்.