அக்வா ஷூ, பெசன்ட் நகர் மணல், என் கணுக்கால்: ரெண்டு வருஷம் கழிச்சு

அக்வா ஷூ, அதாவது தண்ணில போடுற மெல்லிசு ஷூ, அத பத்தி நெட்ல இருக்குற ரிவ்யூ எல்லாம் வாங்குன ஒரே வாரத்துல எழுதுனது, அதான் ரெண்டு மழைக்காலம் தாண்டியும் உழைக்கிற ஒரு ஜோடிய பத்தி எழுதலாம்னு உக்காந்தேன். பிராண்ட் பேர் வேணாம். மேல நியோப்ரீன்ங்கிற ரப்பர் துணி, முன்னாடி மெஷ் வலை, கீழ மெல்லிசா ரப்பர் சோல், அவ்வளவுதான்.

நம்ம சென்னைக்கு இது தண்ணிக்கான ஷூ இல்லங்க, மணலுக்கானது. மெரினாலயோ பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்லயோ முழங்கால் நனையிறதோட சரி, அலை இழுக்குற இழுப்புக்கு அதுக்கு மேல போகவும் கூடாது. ஆனா ரோட்டுலேந்து தண்ணி வரைக்கும் இருக்குற அந்த மணல்ல என்னதான் இல்ல, பாட்டில் சில்லு, மாங்கா குத்தித் தர்ற குச்சி, சோளம் சுட்ட கரிய கொட்டி மேல மணல தள்ளி மூடிட்டுப் போயிருப்பாங்க, மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது உள்ள கங்கு இருக்கும். நாய் அசிங்கம் பண்ற எடத்துல வெறுங்கால்ல நின்னா கொக்கிப்புழு குஞ்சு தோல் வழியா ஏறி, சிவப்பா கோடு போட்ட மாதிரி அரிப்பு வரும், டாக்டர்கிட்ட போய்தான் ஆகணும்.

குப்பத்து பக்கம் படகு நிக்கிற எடத்துல ஒரு தடவ நைலான் நரம்போட ஒரு தூண்டில் முள்ளு சோல்ல மாட்டிக்கிச்சு, பாதி முள்ளு ரப்பருக்குள்ள, நுனி மட்டும் உள்பக்கம் லேசா எட்டிப் பாக்குது. கட்டிங் பிளேயர் வச்சுதான் எடுத்தேன். ஷூவுக்கு குடுத்த காசு அன்னைக்கே வசூல்.

ஜனவரிலேந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரி நீலாங்கரை பக்கத்துலேந்து பெசன்ட் நகர் வரைக்கும் முட்டையிட வர்ற கடலாமைய தேடி நடக்குற ஆமை நடைக்கும் இதத்தான் போட்டுட்டு போனேன். ஆமைக்கு வெளிச்சம் ஆகாதுன்னு டார்ச்ச கண்டபடி அடிக்க முடியாது, கால் வைக்கிற எடமே தெரியாது, அங்க இந்த ஷூ பெரிய தைரியம். ஆனா மெஷ் வழியா மணல் ஏறி ஏறி விரலுக்கு நடுவுல அரைச்சு எடுத்துடுச்சு, வழியில நாலஞ்சு எடத்துல உக்காந்து கொட்டினேன்.

இப்ப கணுக்கால். இந்த ஷூ கணுக்கால தாங்கும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, அது சும்மா ஒரு சாக்ஸ்தான். காஞ்ச மணல்ல நடக்க கெட்டித் தரைய விட ரெண்டு மடங்குக்கு மேல தெம்பு போகும், கெண்டைக்காலும் குதிகாலும் பிடிச்சுக்கும். ஈர மணல் கெட்டிதான், ஆனா கடல் பக்கம் சரிவு. பெசன்ட் நகர்லேந்து திருவான்மியூர் பக்கம் போனா இடது கால் எப்பவும் பள்ளத்துல இருக்கும், அப்படியே ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு போனா மறுநாள் இடது கணுக்கால் மட்டும் குடையும், அதே வழியில திரும்பி நடந்தா ரெண்டுக்கும் சமமாயிடும். ஏற்கனவே சுளுக்குன கால்னா ஷூவுக்குள்ள ஆங்க்லெட், அதான் கணுக்கால இறுக்கிப் புடிக்கிற எலாஸ்டிக் பட்டி, போட்டுக்கோங்க.

சொறி ஒதுங்குற சீசன்ல, அதாங்க ஜெல்லி மீன், பாதம் தப்பிச்சாலும் ஷூவுக்கு மேல கணுக்கால்லதான் சுரீர்னு படும். பட்டா கடல் தண்ணிலயே கழுவணும், கேன் தண்ணிய ஊத்தாதீங்க, தேய்க்காதீங்க. மெட்டாலிக் நீலத்துல பளபளன்னு காசு சைஸுல கெடக்குற கடல் ஜந்துவ பசங்கள தொட விடாதீங்க.

மத்தியானம் மூணு மணி வெயில்ல இந்த மெல்லிசு சோல் பத்தாது, சூடு ஏறுது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில அலசி நிழல்ல கவுத்து வைங்க, மொட்டை மாடி வெயில்ல போட்டா நியோப்ரீன் வெறைச்சுடும், பக்கெட்லயே விட்டா நாத்தம் ஊரக் கூட்டும். எனக்கு கட்டைவிரல் பக்கம் ஒட்டு விட்டுடுச்சு, தெருமுனை செருப்பு தைக்கிற அண்ணன் நைலான் நூல்ல ஒரு தையல் போட்டாரு, இன்னும் நிக்குது.

வாங்கும்போது சைஸ் பிடிப்பாவே எடுங்க, நனைஞ்சா லூசாயிடும். பின்பக்க விளிம்பு கணுக்கால் எலும்புல உரசுதான்னு கடைக்குள்ளயே நாலு சுத்து நடந்து பாத்துட்டு பில் போடச் சொல்லுங்க.