ஒரு கையால் திறக்கிற மடக்குக் கத்தி: வாழைத்தோட்டத்தில் லெதர்மேன் வேவ் பிளஸ்

பல வேலைக்கு ஆகிற மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதில் எத்தனை சாமான் இருக்கிறது என்றுதான் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு அப்புறம் இருக்கட்டும், ஒரு கையால் திறந்து அதே கையால் மூட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் வாழை போட்டிருக்கிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். காற்றுக் காலத்தில் தார் தள்ளிய மரத்துக்குக் கம்பு ஊன்றி, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இடது கையை எடுத்தால் கட்டு தளர்ந்துவிடும். நகத்தை விட்டு நெம்பித் திறக்கிற பழைய பேனாக்கத்தி அந்த நேரத்தில் பையில் கிடந்து என்ன பிரயோசனம்? பனையேறிகளுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பாளை அரிவாள் இடுப்புப் பெட்டியில் தயாராக இருக்கும், ஒரு கை மரத்தில், ஒரு கை அரிவாளில். மடக்குக் கத்தியிடமும் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

என்னிடம் இருப்பது லெதர்மேன் வேவ் பிளஸ். அமெரிக்காவில் டிம் லெதர்மேன் 1983-ல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய முதல் மாடலில் கத்தி கைப்பிடிக்குள்ளே ஒளிந்திருக்கும், நடுவில் இருக்கிற பிளேயரை, அதாவது குறட்டை, பிரித்தால்தான் வெளியே வரும், ஆக இரண்டு கையும் வேண்டும். 1998-ல் வந்த வேவ் மாடலில் கத்திகளை வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண கத்தி, பல் வைத்த கத்தி, மர ரம்பம், அரம் என்று நாலும் பிளேயரைத் தொடாமலே விரியும், அதற்குப் பிந்தைய என் வேவ் பிளஸில் நாலுக்கும் பூட்டு உண்டு. கத்தி அலகில் ஒரு துளை இருக்கிறது. கட்டைவிரல் சதையை அதில் பதித்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் அலகு அரைவட்டமாகச் சுழன்று 'டிக்' என்று நிற்கும். இப்படி அலகில் துளை வைப்பதை 1981-லேயே ஸ்பைடர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி செய்துவிட்டது. ஈரக்கையிலும் விரல் வழுக்காமல் பிடிப்பதற்கு அந்தத் துளையின் விளிம்புதான் காரணம்.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விரல் போவது அங்கேதான். கைப்பிடிக்கு உள்பக்கம் ஒரு தகடு வில் மாதிரி வளைந்திருக்கும். அலகு முழுதாகத் திறந்ததும் அது நகர்ந்து அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். மூடும்போது அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளி, ஆள்காட்டி விரலால் அலகின் முதுகைக் கொஞ்சம் சாய்த்து, பூட்டு விட்டதும் கட்டைவிரலை எடுத்துவிட்டு மிச்சத்தை மூட வேண்டும். எடுக்காவிட்டால் அலகு விரல் மேலேயே வந்து விழும். முதல் இரண்டு வாரம் மெதுவாகவே மூடிப் பழகுங்கள். இதே உருவத்தில் ஆன்லைனில் மலிவாக ஒரு நகல் வாங்கியிருந்தேன், திறப்பது என்னவோ சுகமாகத்தான் இருந்தது, ஆனால் கயிற்றில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும் தகடு நழுவி அலகு பாதி மடங்கிவிட்டது. அன்றைக்கே தூக்கிப் போட்டேன். எந்தக் கத்தியானாலும் கடையிலேயே திறந்து, அலகின் முதுகை மரப்பலகையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். தகடு அசைந்தால் வேண்டாம்.

நைலான் கயிறு, சொட்டுநீர்க் குழாய், உரச்சாக்கின் தையல் எல்லாவற்றுக்கும் பல் வைத்த கத்திதான் சரி. அலகு ஏழு சென்டிமீட்டர் சொச்சம், தாராளமாகப் போதும். தார் வெட்டுவதற்கு அரிவாள் இருக்கிறது, அந்த வேலையை இதனிடம் கேட்கக் கூடாது.

வாழைக்கறைதான் இதற்கு எதிரி. அலகு சுழலும் இடத்தில் கறை இறங்கிக் காய்ந்தால் ஒரு கையால் திறப்பது நின்றே போகும். வெந்நீரில் சோப்புப் போட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்துப்போய் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் எவர்சில்வர்தானே என்று விட்டுவிடாதீர்கள், உப்புக்காற்றில் இதுவும் புள்ளி விழும். மோட்டார் சாணையிலும் கொடுக்க வேண்டாம், சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். கையால் சாணைக்கல்லில் தீட்டினாலே கூர்மை சீக்கிரம் வந்துவிடும்.

பிடிக்காததும் உண்டு. கத்தரிக்கோல், ஸ்குரூ டிரைவர் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, அவற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். எடை 241 கிராம், வேட்டி மடிப்பில் செருகினால் இழுக்கும், பாக்கெட் கிளிப்பையும் தனியாக வாங்க வேண்டும். கைப்பிடி முழுக்க வெறும் எஃகு, அதனால் பம்புசெட் ஸ்டார்டரில் கரண்ட் இருக்கும்போது இதன் பிளேயரை நீட்டவே கூடாது, மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். விலையும் ஐந்து இலக்கம். கம்பெனி 25 வருட வாரண்டி தருகிறது என்பதால்தான் எனக்கு மனசு ஒத்துக்கொண்டது. வாகைக்குளத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பிளேயர் தேவைப்படாதவர்கள் இவ்வளவு எடையைச் சுமக்க வேண்டியதில்லை. சுவிஸ் ராணுவம் 2008-ல் தன் சிப்பாய்களுக்கென்று தேர்ந்தெடுத்த விக்டோரினாக்ஸ் கத்தியும் ஒரு கையால் திறக்கிறதுதான்; மடக்கினால் 111 மில்லிமீட்டர், எடை 131 கிராம், பூட்டும் ரம்பமும் இருக்கின்றன. எங்கள் சித்தப்பா தோட்டத்துக்கு அதைத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.