பழைய கட்டடத்தின் தலையில் மர மாடி: லண்டனில் குடியிருந்து பார்த்தது

1960களின் செங்கல் அடுக்ககம் ஒன்றின் மேல் புதிதாக ஏற்றிய இரண்டு மர மாடிகளில், உச்சியில் இருப்பது எங்கள் ஃபிளாட். 2022இல் குடிவந்தோம். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மரமா, காற்றுக்கு ஆடாதா?" ஆடவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

சுவரும் தளமும் சிஎல்டி. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய கனத்த மரத்தகடு அது. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2400 கிலோ என்றால் இது சுமார் 500. அதனால்தான் பழைய அஸ்திவாரம் தாங்குகிறது. மெல்பர்னில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் மேல் 10 மாடி ஓட்டலையே இப்படி ஏற்றியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அந்த உயரத்துக்கு வாய்ப்பு குறைவு. லண்டனின் கிரென்ஃபெல் என்ற உயரமான அடுக்ககத்தில் 2017இல் நடந்த தீவிபத்துக்குப் பிறகு, 2018 டிசம்பரிலிருந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருளுக்குத் தடை. எங்கள் கட்டடம் 18 மீட்டருக்குள் அடங்கிவிட்டது.

எடை குறைவு என்பதில்தான் வசதியும் இருக்கிறது, தொல்லையும் இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்ட கொஞ்ச நேரத்தில் வீடு கதகதப்பாகிவிடும். கோடையில் அதே வேகத்தில் சூடேறும். 2022 ஜூலை 19 அன்று லண்டன் 40 டிகிரியைத் தாண்டியபோது, மேற்குப் பார்த்த படுக்கையறையில் கால் வைக்க முடியவில்லை. இரவு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்ததும் சீக்கிரம் தணிந்தது. உள்ளே போடும் திரையால் பயனில்லை, வெளிப்பக்கம் பிளைண்ட் வேண்டும். அதற்கு ஃப்ரீஹோல்டரின் (கட்டடத்துக்கும் மனைக்கும் சொந்தக்காரர்) எழுத்துபூர்வ அனுமதி வர அடுத்த கோடையாகிவிட்டது!

சத்தம்தான் பெரிய விஷயம். பேச்சு, டிவி எதுவும் கீழே போகாது. குதிகால் ஊன்றி நடந்தால் 'தொம் தொம்' என்று இறங்கும். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன உரலில் மிளகு இடித்த அன்றே கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்தார். இப்போது உரலுக்கு அடியில் கனமான ரப்பர் பாய், அவருக்கு அவ்வப்போது ரசப்பொடி.

தீயைவிட நான் அஞ்சுவது தண்ணீரை. கான்கிரீட்டில் கசிந்தால் கறை காட்டும். மரம் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருக்கும். வாஷிங் மெஷினுக்கு அடியில் தட்டும் கசிவு அலாரமும் வைத்திருக்கிறோம். பழைய செங்கலும் புது மரமும் சேரும் படிக்கட்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்தது. மரம் உலர்ந்து சுருங்குவதால் வருவது அது; பூசிய பின் திரும்ப வரவில்லை.

வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன் வங்கியிடம் சிஎல்டி என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். சில வங்கிகள் கடன் தர மறுக்கின்றன, காப்பீட்டுத் தவணையும் கூடுதல். லிஃப்ட் உங்கள் மாடி வரை வருகிறதா என்றும் பாருங்கள். எங்களுடையது பழைய மூன்றாம் மாடியோடு நின்றுவிடுகிறது. 20 கிலோ அரிசி மூட்டையை விட்டு 5 கிலோ பைக்கு மாறிவிட்டோம்.