வோர்டெக் எம்பி10 அலைபம்பு: பவளத் தொட்டியில் அதன் நீரோட்டம் எப்படி?

பவளத் தொட்டிக்குள் நீரோட்டத்தை உண்டாக்கும் அலைபம்புகளை, மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்ற எண்ணை வைத்து வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. அமெரிக்காவின் ஈகோடெக் மரைன் நிறுவனம் தயாரிக்கும் வோர்டெக் எம்பி10 அந்தக் கணக்கில் சுமார் 5,700 லிட்டர் வரை செல்லும்; சிறிய தொட்டிகளுக்கு அது தாராளம். ஆனால் அதே அளவு நீரைத் தள்ளும் மலிவான பம்புகள் சந்தையில் பல இருப்பதால், கூடுதல் விலைக்கான நியாயத்தைப் பாலிப்புகளின் (பவளத்தை உருவாக்கும், வாயும் உணர்கரங்களும் கொண்ட சிறு உயிரிகளின்) நடத்தையில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பாலிப் தன் உடலுக்குள் நீரை நிரப்பிக்கொண்டு விரிகிறது, அதை வெளியேற்றிச் சுருங்குகிறது. ஒரே திசையிலிருந்து ஓயாமல் அறையும் நீரோட்டத்தில், சதைப்பற்றான நீண்ட உணர்கரங்கள் கொண்ட யூஃபிலியா வகைப் பவளங்கள் பம்பைப் பார்த்த பக்கம் மட்டும் சுருங்கிக் கிடப்பதையும், அப்படியே விட்டால் அந்தப் பக்கத்துத் திசு எலும்புக்கூட்டிலிருந்து விலகத் தொடங்குவதையும் தொட்டி வைத்திருப்போர் பலர் கண்டிருப்பார்கள். நீர் தேங்குவதும் அதே அளவுக்குத் தீங்கானது. திசுவை ஒட்டி நிற்கும் அசையாத நீர்ப்படலம் தடித்துவிடும். திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் பகலில் வெளியிடும் ஆக்சிஜன் விலகிச் செல்ல வழியின்றி அங்கேயே மிகுந்து, ஒளிச்சேர்க்கை மந்தமாகும். செங்கடலில் வாழும் ஸீனியா குடும்பத்து மென்பவளம் ஒன்று ஓயாமல் உணர்கரங்களை விரித்து மூடுவது ஏன் என்று ஆராய்ந்த இஸ்ரேலிய அறிவியலாளர்கள், அந்தத் துடிப்பு நீரைக் கலக்கி மிகை ஆக்சிஜனை அகற்றுவதால் ஒளிச்சேர்க்கை பல மடங்கு உயர்கிறது என்று 2013-இல் வெளியிட்டனர். துடிக்கத் தெரியாத பவளங்களுக்கு அந்த வேலையை வீட்டுத் தொட்டியில் பம்புதான் செய்தாக வேண்டும்.

எம்பி10 அதை நன்றாகவே செய்கிறது. குழாய் நீர்போல ஒரு கோட்டில் பீய்ச்சாமல் அகலமாக நீரைப் பரப்புவது முதல் காரணம். வேகத்தை ஒழுங்கின்றி மாற்றிக்கொண்டே இருக்கும் 'ரீஃப் கிரெஸ்ட்' முறை இரண்டாவது. அந்த முறையில் யூஃபிலியாவின் உணர்கரங்கள் ஒரு புறமாகப் படுத்துக் கிடக்காமல் எல்லாத் திசையிலும் சாய்ந்து நிமிர்கின்றன. அக்ரோபோரா போன்ற, வலிய ஓட்டம் கேட்கும் பவளங்களின் கிளைகளுக்கிடையிலும் கழிவு தங்குவதில்லை. மென்மையான 'லகூன்' முறை, நீண்ட பாலிப்புகளைக் கொண்ட கோனியோபோரா இருக்கும் தொட்டிகளுக்கு ஏற்றது. மற்ற முறைகளைப் பெரும்பாலானோர் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

உணவூட்டும் முறையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் வேகம் சில நிமிடங்களுக்குத் தணிந்து, பிறகு தானாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது. தூள் உணவு வடிகட்டிக்குப் போய்ச் சேரும் முன் பாலிப்புகள் அதைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக அந்த இடைவெளி போதும். கடினப் பவளங்கள் பல, மிதவை உயிரிகள் மேலெழும் இரவு நேரத்தில்தான் உணர்கரங்களை முழுமையாக நீட்டுகின்றன என்பதால், விளக்கு அணைந்த பிறகு இம்முறையைப் பயன்படுத்துவது கூடுதல் பலன் தரும்.

பாலிப் சுருங்கியதும் பம்பின் அமைப்பை மாற்றத் தொடங்குவது அவசரம். தோல்போன்ற மேற்பரப்புள்ள லெதர் பவளம் மெழுகுபோன்ற மேற்படலத்தை உரிக்கும்போது பல நாட்கள் மூடியே இருப்பது இயல்பு. அப்போது அதற்கு வேண்டியது படலத்தை அடித்துச் செல்லும் சற்று வலிய ஓட்டமே. கொறிக்கும் மீன், புதிதாக மாற்றிய விளக்கு, காரத்தன்மையில் திடீர் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை எந்தப் பம்பும் சரிசெய்யாது.

மோட்டார் கண்ணாடிக்கு வெளியே நின்று காந்தத்தின் மூலம் உள்ளே இருக்கும் விசிறியைச் சுழற்றுவதால், தொட்டிக்குள் மின்கம்பியே இல்லை. மோட்டாரின் வெப்பமும் நீரில் இறங்குவதில்லை. ஆனால் நீருக்குள் அமுங்கிப்போகும் ஒலி இங்கே அறைக்குள் வருகிறது. முழு வேகத்தில் அந்த இரைச்சல் கேட்கும் என்பதால் படுக்கையறைத் தொட்டிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உள் பாகத்தில் சுண்ணாம்புப் பாசி படியும்; அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டும்.

காளான் பவளம், ஸோவாந்திட் போன்ற எளிதில் வளரும் உயிரினங்களை மட்டும் வளர்ப்போருக்கு இந்தச் செலவு தேவையில்லை. யூஃபிலியாவையும் அக்ரோபோராவையும் ஒரே தொட்டியில் வைத்திருப்போர் தாராளமாக வாங்கலாம்; ஆனால் காந்தம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் வரைதான் பிடிக்கும், ஆகவே முதலில் கண்ணாடியை அளந்துகொள்ளுங்கள்.