அம்மாவின் கால்கள் ஓயவில்லை

மூன்று வாரம் லீவில் சிங்கப்பூரிலிருந்து பாளையங்கோட்டை வந்திருந்தேன். வந்த அன்றே கண்ணில் பட்டது அம்மாவின் கால்தான். பூ கட்ட உட்கார்ந்தால் கூடை காலியாகும்வரை எழாதவள், நாலு கண்ணி போடுவதற்குள் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்தாள். உட்கார்ந்தாலும் பாதம் மொசைக் தரையைத் தேய்த்தபடியே இருந்தது. "உக்காந்தா உள்ள என்னமோ தள்ளுதுப்பா, எந்திச்சு நடந்தாத்தான் கொஞ்சம் கொள்ளாம்" என்றாள்.

அப்பா தவறிய பிறகு மனச்சோர்வுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு அதை 20 ஆக்கினார்கள். அடுத்த வாரமே இந்தத் தவிப்பு. போய்ச் சொன்னதற்கு, பதற்றம் கூடியிருக்கிறது என்று தூக்க மாத்திரை சேர்த்ததோடு சரி. தெருவில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள்.

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். கூட்டம்தான், காத்திருந்தோம். ஆனால் அந்த டாக்டரம்மா முதலில் எதுவும் கேட்கவில்லை. அம்மாவை உட்காரச் சொல்லி ஒரு நிமிடம் காலையே பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டினார். கைகளை நீட்டச் சொல்லி விரல் நடுக்கத்தைக் கவனித்தார். அப்புறம், "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையும் எங்கே?" என்றார். நல்லவேளை, பையோடு அள்ளி வந்திருந்தேன்.

அதில் வேறொரு டாக்டர் எழுதிய கேஸ் மாத்திரையும் இருந்தது, உள்ளே லெவோசல்பிரைட். அது டோபமின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கும், மனச்சோர்வு மாத்திரையும் சிலருக்கு டோபமின் வேலையைக் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் இந்தத் தவிப்பும் நடுக்கமும் வரும் என்று விளக்கினார். உட்கார முடியாத இந்தத் தவிப்புக்கு 'அகதீசியா' என்று பெயராம். அம்மாவுக்கு 68 வயது. இந்த வயதில் எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி.க்கு மேல் பொதுவாகத் தேவையில்லை என்றார்.

கேஸ் மாத்திரையை நிறுத்தினார். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று 10க்கு இறக்கினார். வீசிங் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் தவிப்பு அடங்க புரோப்ரனலால் மாத்திரை எழுதினார். இப்படிப் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே சொல்லலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. மனசு சரியில்லாத நேரத்தில் பேச 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அம்மாவின் போனில் இரண்டையும் பதிந்து வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு முழம் பூவை எழாமல் கட்டினாள். விரல் நடுக்கம் இன்னும் இருக்கிறது. அது அடங்கச் சில மாதம் ஆகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அடுத்த ஓ.பி.க்குத் தங்கச்சி கூட்டிப்போகிறாள்.