கடலடிக் குமிழித்திரை: நம் கடலுக்கு ஏற்ற சாதனமா?

கடலில் காற்றாலை நிறுவும்போது எழும் பேரோசையை மட்டுப்படுத்த ஐரோப்பாவில் குமிழித்திரை என்றொரு சாதனத்தைப் பயன்படுத்துகிறார்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, குஜராத் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலை அமைக்க 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருப்பதால், உவரி முதல் இடிந்தகரை, கூடங்குளம் வரை உள்ள மக்கள் இந்தச் சாதனத்தின் தரத்தை இப்போதே எடைபோட்டு வைத்துக்கொள்வது நல்லது. கடல்வாழ் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று நாம் கேட்கும் நாளில், இதன் பெயரே முதல் பதிலாக வரக்கூடும். நம் கடலில் இது இன்னும் இறங்கவில்லை. ஐரோப்பாவின் வடகடலில் அளந்து வெளியிடப்பட்ட முடிவுகளை நம் கரையின் நிலைமையோடு ஒப்பிட்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் சாதனம். காற்றாலையைத் தாங்கும் பருத்த இரும்புத் தூணைக் கடலடிக்குள் இறக்க, ஹைட்ராலிக் சுத்தியலால் ஆயிரக்கணக்கான அடிகள் அடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்பாகத் தூணைச் சுற்றிப் பல நூறு மீட்டர் நீளமுள்ள குழாயை வளையமாகக் கடலடியில் படுக்க வைக்கிறார்கள். குழாய் நெடுகிலும் சிறு துளைகள். அது மேலே எழும்பிவிடாமல் இருக்க உள்ளே கனத்த சங்கிலி. அருகில் நிற்கும் கப்பலின் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட கம்ப்ரசர்கள் எண்ணெய் கலவாத காற்றை இடைவிடாமல் உள்ளே செலுத்த, துளைகளிலிருந்து கிளம்பும் குமிழிகள் கடலடியிலிருந்து மேற்பரப்பு வரை சுவராக எழுகின்றன. தண்ணீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் ஓசை இந்தச் சுவரில் மோதும்போது ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. ஒரு பகுதி குமிழிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

செய்ய வேண்டிய வேலையை இது நன்றாகவே செய்கிறது. தூணிலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் ஓசை 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனி வரம்பு விதித்த பிறகு, அதற்குள் அடங்குவதற்காக நிறுவனங்கள் இந்தத் திரையை மெருகேற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. 10 டெசிபல் குறைந்தால் ஓசையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். நன்றாக அமைந்த திரை அந்த அளவையும் தாண்டுகிறது. திரையில்லாமல் தூண் அறைந்த இடங்களில், வடகடலின் கடற்பன்றிகள் (ஓங்கில் எனப்படும் டால்ஃபினைப் போன்ற சிறு பாலூட்டிகள்) ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு வரை விலகி ஓடியதாகப் பதிவுகள் உண்டு. அந்தத் தொலைவைத் திரை வெகுவாகச் சுருக்கியிருக்கிறது. உறுதியான சட்டம் இருந்ததால்தான் நல்ல சாதனம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இது வடகடலுக்காக, முதன்மையாக அங்குள்ள கடற்பன்றிக்காக உருவானது. கடற்பன்றி மிக உயர்ந்த சுருதியைக் கேட்கும் விலங்கு. உயர் சுருதி ஓசையைத்தான் திரையும் மிக நன்றாகத் தடுக்கிறது. ஆமையின் செவி தாழ்ந்த சுருதிக்கே பழகியது. பெரிய திமிங்கலங்கள் பேசிக்கொள்வதும் தாழ்ந்த சுருதியில்தான். திரையின் வலு குறைவது சரியாக அந்த இடத்தில். தூண் வழியாகக் கடலடி மண்ணுக்குள் இறங்கும் அதிர்வோ திரைக்கு அடியில் நுழைந்து அப்பால் மீண்டும் தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. நீரோட்டம் வலுத்தால் குமிழிகள் சாய்ந்து சுவரில் இடைவெளி விழுகிறது, ஆழம் கூடினாலும் பயன் குறைகிறது. நம் கடலோடிகள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தின் வேகத்தில் இந்தச் சுவர் எப்படி நிற்கும் என்பதை இங்கேயே சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள முடியாது.

நம் கடலில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. கடற்பசுவும் கடலாமைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அன்று நெல்லை மாவட்டத்தில் இருந்த மணப்பாடு கரையில் 1973-இல் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியிலும் அதே பகுதியில் 80-க்கும் மேல் ஒதுங்கின. நம் கடலில் காற்றாலையே இல்லாத காலத்து நிகழ்வுகள் இவை. அந்தப் பழியை அதன்மேல் போட இடமில்லை. எனினும், ஓசையை நம்பியே வழி தேடும் திமிங்கலக் கூட்டங்கள் நம் கரைக்கு இவ்வளவு அருகே வருகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனக்குப் பெரிய கவலை நாட்காட்டியைப் பற்றியது. ஆடி மாதத்துக் கச்சான் என்னும் மேல்காற்றின் வீச்சில் யாரும் தூண் நட முடியாது. கடல் அடங்கியிருக்கும் தை, மாசி, பங்குனியில்தான் கட்டுமானக் கப்பல்கள் வேலை செய்ய விரும்பும். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட நம் மணலுக்கு ஏறிவருவதும் அதே மாதங்களில். வேலையைத் தொடங்குமுன் விலங்குகள் அருகில் இல்லை என்று உறுதி செய்ய நீருக்கடி ஒலிவாங்கிகளை வைப்பது வழக்கம். ஓங்கிலையும் திமிங்கலத்தையும் அவற்றின் குரலால் கண்டுபிடிக்கலாம், நீருக்கடியில் குரல் கொடுத்துத் திரியாத ஆமையை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பகல் வெளிச்சமும் பழகிய கண்களும் வேண்டும். அந்த வேலைக்கு நம் மீனவர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. அவர்களைச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும்.

காற்றாலையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளின் நடுவே வாழ்கிறவர்களுக்கு அவற்றின் பயன் தெரியும். கடல் சூடாகி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்துப்போனதையும் பார்த்திருக்கிறோம். தூணை அறையாமலே நிறுவும் முறைகளும் உண்டு: உறிஞ்சிக் கடலடியில் பதியும் வாளி வடிவ அடித்தளத்தை ஜெர்மனிக் கடலில் 2014-லேயே நிறுவிவிட்டார்கள். நம் கடலடி அதற்கு இடம் கொடுக்குமானால் அதையே முதலில் கேட்க வேண்டும். ஓசையைத் தடுப்பதைவிட எழுப்பாமல் இருப்பது மேல்.

அது முடியாத இடத்துக்கு, குமிழித்திரையை இரட்டை வளையமாகப் பரிந்துரைக்கிறேன். ஒற்றை வளையத்தை ஏற்க வேண்டாம். ஆமைகள் ஏறும் மாதங்களில் சுத்தியல் ஓய வேண்டும், இரவில் புதிய தூணைத் தொடங்கக் கூடாது. 750 மீட்டரில் அளந்த டெசிபல் கணக்கு அன்றைக்கன்று தமிழில் மீன் இறங்குதளங்களில் ஒட்டப்பட வேண்டும். வரம்பு மீறிய நாளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் கட்டுமான நிறுவனத்தின் கையில் இல்லாமல் வனத்துறையிடம் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.