மாடில பாசித் தொட்டி வச்சு பத்து மாசம் ஆச்சு, நல்லது கெட்டது ரெண்டும் சொல்றேன்

எங்க வீடு சென்னைல மேடவாக்கம் பக்கம். 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வத்திப்போனப்போ லாரித் தண்ணிக்கு குடத்தோட நடுராத்திரி நின்னவ நான், அதுலேர்ந்து குளிச்ச தண்ணி சாக்கடைக்கு ஓடுறத பாத்தாலே வயிறு எரியும். போன மாசி மாசம் தான் பாசி வச்சு தண்ணிய சுத்தம் பண்ற இந்த யூனிட்ட போட்டோம். கம்பெனி பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன்.

பாத்ரூம், வாஷிங் மெஷின் தண்ணி மட்டும் வடிகட்டி தாண்டி மோட்டார்ல மேல ஏறும். தொட்டில குளோரெல்லா பாசி இருக்கு, வெயில் பட்டா அது ஆக்சிஜன் விடும், அத வச்சு பாக்டீரியா அழுக்க தின்னும், பாக்டீரியா விடுற கார்பன் டை ஆக்சைட பாசி எடுத்துக்கும், சோப்புத் தண்ணில இருக்க பாஸ்பரஸையும் சேத்து இழுத்துக்கும். ஏர் பம்ப் கிடையாது, ஒரு துடுப்பு மெதுவா சுத்துது அவ்ளோதான்.

வாங்குறவங்க மொதல்ல இடத்த பாருங்க. ஆழம் 25 செ.மீ. தான் இருக்கணும், அதுக்கு மேல போனா பாசியோட பச்சையே வெயில உள்ள விடாது. ஆளுக்கு 135 லிட்டர்னு அரசாங்க கணக்கு, அதுல ஃப்ளஷுக்கே 45 போயிடும், கிச்சன் தண்ணியும் தனி, நாலு பேர் இருக்க எங்க வீட்ல 250 லிட்டர் கிட்ட தான் மேல வருது, அது நாலு நாள் தங்கணும்னா 1000 லிட்டர், அப்போ 4 சதுர மீட்டர் தொட்டி. விக்க வந்தவர் ஒரு டிரம் போதும்னு சொல்லி வச்சிட்டு போனார், ஒரே வாரத்துல நாத்தம் தாங்கல. அப்புறம் சர்வீஸ் தம்பி வந்து பாத்துட்டு தொட்டியா மாத்திக் குடுத்தார், அதுக்கு காசு வாங்கல.

ரெண்டாவது மாசம் பாசி வெளுத்து மஞ்சளாச்சு. "நைட்ரஜன் முக்கால்வாசி டாய்லெட் லைன்ல போயிடுதுக்கா, அரிசி கழுவுன தண்ணிய இதுல விட்டுப் பாருங்க"ன்னார் அந்த சர்வீஸ் தம்பி. விட்டேன், பத்து நாள்ல கரும்பச்சை. ஹார்பிக், பிளீச்சிங் பவுடர் மட்டும் தொட்டிக்கு வர்ற லைன்ல போகவே கூடாது.

எனக்கு ரொம்ப புடிச்சது பாசிய பிரிக்கிற வேலை தான். பாசி செல் சில மைக்ரான் தான், துணில வடியாது, தானா அடியிலயும் தங்காது. அதுக்கு மேக்னடைட் நானோ துகள் குடுக்குறாங்க, அதாவது காந்தம் இழுக்குற இரும்பு ஆக்சைடு, கருப்பா மை மாதிரி இருக்கும். பக்கத்துல இருக்க சின்ன டேங்க்ல ஊத்தி கலக்கிட்டு அடில காந்தத் தட்ட தள்ளுனா கொஞ்ச நேரத்துல பச்சை முழுக்க கீழ ஒட்டிக்கும், மேல தெளிஞ்ச தண்ணி. முதல் தடவை பாத்தப்போ என் மாமியார் கைய உள்ள விட்டு பாத்தாங்க. ஆனா சாயங்காலம் செஞ்சா சரியா ஒட்டல, ஒரு வாரம் தலைய பிச்சிக்கிட்டேன். பகல் முழுக்க பாசி கார்பன் டை ஆக்சைட உறிஞ்சுறதால தண்ணியோட பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) ஏறிடும், அப்போ துகளும் பாசியும் ஒரே மின்னூட்டமாயி ஒண்ண ஒண்ணு தள்ளும். ராத்திரில பிஹெச் இறங்கிடும், அதனால "காலைல ஆறு மணிக்கு செய்ங்கக்கா"ன்னு தம்பி சொன்னார். இது மேனுவல்லயே இல்ல, பெரிய எழுத்துல போட்டிருக்க வேண்டிய விஷயம்.

நானோ சில்வர் கார்ட்ரிட்ஜ்னு ஒண்ணு கூட வாங்க சொல்வாங்க, தொட்டிக்குள்ள போடவே போடாதீங்க, வெள்ளி கிருமிய மட்டும் இல்ல பாசியையும் சேத்து கொல்லும்.

குறைன்னா, ஐப்பசி கார்த்திகைல வெயில் இல்லாம பாசி சோர்ந்துபோச்சு, தண்ணி கலங்கலாவே வந்துச்சு, அந்த நேரம் பாத்து மூணு வாரம் சர்வீஸுக்கு யாரும் போன எடுக்கல. ஃப்ளஷ் டேங்க் அடில கருப்பா ஒரு படிவம் வேற, அப்போ துகள் முழுசா திரும்ப வரலன்னு தானே அர்த்தம்? அது எனக்கு நிஜமாவே கவலை. அதனால இந்த தண்ணிய ஃப்ளஷுக்கும் செம்பருத்திக்கும் மட்டும் தான் விடுறேன், கீரைப் பாத்திக்கு விடுறதில்ல. பிரிச்ச பாசிய உரக்குழில போடாம வாளில சேத்து வைக்கிறேன், மாசம் ஒரு தடவை அவங்களே எடுத்துட்டுப் போய் துகள பிரிச்சு திரும்ப தராங்க.

மாடில வெயில் படுற இடமும் காலைல அரை மணி நேரமும் இருந்தா தைரியமா போடுங்க. இடம் இல்லாதவங்க கொல்லைல கல்வாழை வச்சு குளியல் தண்ணிய அதுக்கு திருப்பி விடுங்க, எங்க அம்மா வீட்ல அது தான் ஓடுது.